மூணு இஞ்ச் உயரமும் என் ஜீப்போட முனகலும்

ஐப்பசி மாசத்து அரிசி பத்து நாள் லேட்டா வந்துச்சுன்னு மயிலாப்பூர்ல மூணு பேர், தி.நகர்ல ஒருத்தர், அடையாறுல என் சொந்த அக்கா, எல்லாரும் என்னைத் திட்டினாங்க. திட்டினதுல தப்பில்லை. மழைன்னு சொல்லிச் சமாளிச்சேன். அது பொய். மழை பெய்ஞ்சது உண்மைதான், ஆனா அரிசி லேட்டானது ஜீப்பால. ஜீப்பாலன்னு சொல்றதும் சரியில்லை. ஜீப்பைத் தூக்கினதால. அந்தக் கதையைத்தான் இன்னிக்கு எழுதப் போறேன். கொஞ்சம் கோவமாத்தான் எழுதுவேன், பொறுத்துக்கோங்க.

என் வண்டியை உங்கள்ல பாதிப் பேர் பார்த்திருப்பீங்க. 1996 மாடல் மகிந்திரா ஜீப், நாலு சக்கரமும் இழுக்கும். முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் பட்டை ஸ்பிரிங், நேர் ஆக்சில். 2004-ல ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹாண்டா வாங்கினது. மதுராந்தகம் பக்கத்துல எங்க ஊர் ஏரிக்கரை வழியா மூட்டை இழுக்கும், சேத்துல மாட்டின டிராக்டர் டிரெய்லரைக்கூட இழுத்திருக்கு. மாசத்துக்கு ஒரு தடவை கிச்சிலிச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா, கடலை எண்ணெய் ஏத்திக்கிட்டு ஜி.எஸ்.டி. ரோட்டுல சென்னைக்கு வரும். இருபது வருஷத்துல அது போட்ட சத்தமெல்லாம் எனக்கு மனப்பாடம். எந்தச் சத்தம் பழசு, எது புதுசுன்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்.

புரட்டாசியில அடையாறு அக்கா வீட்டுல மூட்டையை இறக்கிட்டு உக்காந்திருந்தப்ப அக்கா மகன் கேட்டான். "மாமா, வண்டியைத் தூக்கிரலாமா? மூணு இஞ்ச் தூக்கினா சும்மா கெத்தா இருக்கும். ஏரிக்கரை சேறும் அடியில இடிக்காது." கெத்து எனக்கு வேண்டாம். ஆனா அடியில இடிக்காதுன்னு சொன்னான் பாருங்க, அதுல விழுந்துட்டேன். போன வருஷம் முன் டிஃபரன்ஷியல் ஒரு கருங்கல்லுல இடிச்சு எண்ணெய் கசிஞ்ச ஞாபகம். சரின்னுட்டேன். அவனுக்குத் தெரிஞ்ச ஒரு பட்டறையில விட்டோம். எந்தப் பட்டறைன்னு கேக்காதீங்க. அந்த ஒரு பட்டறை மேல எனக்குக் கோவம் இல்லை, அந்த மாதிரி நூறு இருக்கு.

பட்டைக்கு நடுவுல கூடுதலா ரெண்டு பட்டை சொருகினாங்க. ஷேக்கிளை நீளமா மாத்தினாங்க. ரப்பர் புஷ்ஷை எடுத்துட்டுக் கெட்டியா செவப்புக் கலர்ல ஒரு புஷ் போட்டாங்க. ஒரு நாள் வேலை. 22,000 ரூபாய். வண்டி நிமிர்ந்து நின்னுச்சு. அக்கா மகன் போட்டோ எடுத்தான். என் வீட்டுக்காரம்மாவுக்கு ஏறக் கால் எட்டலை, ஒரு முக்காலி எடுத்துப் போட்டோம். அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்.

பரனூர் சுங்கச்சாவடி தாண்டறதுக்குள்ள சத்தம் ஆரம்பிச்சாச்சு. ஒண்ணு இல்லை, பலது. வேகத்தடை ஏறி இறங்கும்போது முன்னாடி "டொக்"னு ஒரு அடி, சுத்தியால அடிச்ச மாதிரி. பிரேக் பிடிச்சா "டக்", விட்டா இன்னொரு "டக்". மெதுவா பள்ளம் மேட்டுல போனா பழைய கட்டில் மாதிரி கிறீச்சு கிறீச்சுன்னு ஒரு முனகல். இதெல்லாம் போக, அம்பது கிலோமீட்டர் வேகத்துல ஏதாவது ஒரு மேடு தட்டுனா ஸ்டியரிங் கையில உதறும். சின்ன உதறல்தான், அப்பல்லாம்.

அடுத்த வாரம் பட்டறைக்குப் போனேன். "சத்தம் வருதுங்க"ன்னேன். வண்டி அடியில யாரும் படுக்கலை. ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டு, "வீல் பேரிங் போயிருக்கும்"னாங்க. ரெண்டு பக்கமும் மாத்தினாங்க, 4,200. சத்தம் போகலை. "டை ராடு எண்டு." 3,600. போகலை. "ஆக்சில் கிராஸ். தூக்கினா அந்த ஜாயிண்ட்டுக்குக் கோணம் அதிகமாகும்ல?" 5,400. போகலை. உதறலுக்கு ஸ்டியரிங் டேம்பர்னு ஒண்ணு, ஷாக் அப்சர்பர் மாதிரி படுக்க வச்சுப் போட்டாங்க, 4,800. அது போட்டதும் உதறல் கொஞ்சம் அடங்குச்சு, அடங்கினதை நம்பி நான் ஏமாந்தேன். மொத்தம் 18,000. எங்க ஊர்ல ஒரு ஏக்கர் நடவுக் கூலியை இதுல கொடுத்துட்டு மிச்சமும் வச்சுக்கலாம்.

ஐப்பசி முதல் வாரம். நானும் வீட்டுக்காரம்மாவும், பின்னாடி பதினாலு மூட்டை. அடையாறுல அக்கா வீட்டுக்கு ரெண்டு மூட்டை இறக்கிட்டு மயிலாப்பூருக்குக் கிளம்பினோம். திரு.வி.க. பாலத்துல ஏறும்போது அம்பது இருக்கும். பாலத்து இணைப்புல டயர் தட்டுச்சு. அவ்வளவுதான். ஸ்டியரிங் என் கையைப் பிடுங்கிக்கிச்சு. இடமும் வலமுமா, எண்ண முடியாத வேகத்துல. முன் பக்கம் மொத்தமும் பேய் பிடிச்ச மாதிரி ஆடுது. வீட்டுக்காரம்மா ரெண்டு கையாலயும் டேஷ்போர்டைப் பிடிச்சுக்கிட்டா, சத்தம்கூடப் போடலை. பின்னாடி ஸ்கூட்டர்ல ஒரு அம்மா, பள்ளிக்கூட யூனிஃபார்ம்ல பொண்ணை வச்சுக்கிட்டு வந்தவங்க, பிரேக் அடிச்சு என் பம்பருக்கு ஒரு முழம் தள்ளி நின்னாங்க. வேகம் முப்பதுக்குக் கீழ வந்தப்புறம்தான் ஆட்டம் நின்னுச்சு. அந்த அம்மா என்னை ஒண்ணும் திட்டலை. பொண்ணோட தலையைத் தடவிட்டுப் போயிட்டாங்க. அது இன்னும் மனசுல கிடக்கு.

மந்தைவெளி வரைக்கும் இருபதுலயே உருட்டினேன். மெட்ரோ வேலைக்குத் தோண்டி, இரும்புத் தகடு போட்டு, ஊரே ஒரு வழிப்பாதையா இருக்கு, ஒவ்வொரு தகட்டுலயும் "டொக்". அரிசி வாங்குற ஒரு ஐயா, வங்கியில இருந்து ஓய்வு பெற்றவர், சத்தத்தைக் கேட்டுட்டுத்தான் வெளியே வந்தார். "எங்க தெருவுக்கு அடுத்த தெருவுல ஒரு பெரியவர் இருக்கார், பழைய ஜீப் எல்லாம் அவர்தான் பார்ப்பார்"னு கூட்டிக்கிட்டுப் போனார். பெரியவருக்கு எழுபது இருக்கும். பட்டறைன்னு போர்டு கிடையாது, வீட்டு வாசல்லயே வேலை. பேர் போட வேண்டாம்னு சொல்லிட்டார்.

முதல்ல அவர் சொன்னது இதுதான்: "தம்பி, பார்க்க 800 ரூபாய். என்னன்னு கண்டுபிடிச்சு சொல்லுவேன். ரிப்பேர் தனி."

எனக்குச் சுருக்குன்னுச்சு. பார்க்கவே 800-ஆ? 18,000 குடுத்தப்ப வாயைத் திறக்காத நான், 800-க்கு யோசிச்சேன். ஒவ்வொரு தடவையும் கையில ஒரு பொருளைக் காட்டினாங்க, பழசைத் தூக்கி டப்பாவுல போட்டாங்க, புதுசு பளபளன்னு இருந்துச்சு, குடுத்தேன். இவர் கையில காட்ட ஒண்ணுமில்லை. இங்கதான் கோளாறே இருக்குன்னு அப்புறம் புரிஞ்சுது. அதுக்கு வர்றேன்.

பெரியவர் கேட்ட முதல் கேள்வி, "எப்ப இருந்து?" தூக்கின அன்னிக்கே ஆரம்பிச்சுதுன்னேன். "அப்ப தூக்கினதுல என்னென்ன மாறிச்சோ அதைத்தானே பார்க்கணும்? பேரிங் அன்னிக்கேவா தேஞ்சுது?"ன்னார். இருபது வருஷம் வண்டி ஓட்டுற எனக்கு அது தோணலை பாருங்க.

ஒரு பையனை ஸ்டியரிங்கில உக்கார வச்சார். சக்கரம் தரையில, எஞ்சின் ஆஃப். ஸ்டியரிங்கைச் சின்னதா இடம் வலம் அசைக்கச் சொன்னார். அவர் அடியில படுத்துக்கிட்டு ஒவ்வொரு மூட்டுலயும் கையை வச்சார். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் கைக்குத் தெரியுமாம். அப்புறம் ஜாக்கி போட்டுச் சக்கரத்தை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினார், ஆட்டம் இருந்துச்சு. பையனை பிரேக் மிதிக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டினார். ஆட்டம் அப்படியே இருக்கு. "பிரேக் மிதிச்சதும் ஆட்டம் போனா பேரிங். போகலைன்னா கிங்பின்." அரை நிமிஷம் ஆகலை. இந்தச் சோதனைக்கு மிஷின் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம், ரெண்டு பேர் போதும். இதைப் பண்ணாமத்தான் எனக்கு 4,200-க்குப் பேரிங் மாத்தினாங்க.

"டக்" சத்தத்துக்கு ஆக்சிலையும் பட்டையையும் சேர்த்து சாக்பீஸால ஒரு கோடு போட்டார். பையன் வண்டியை நாலடி முன்னால எடுத்து பிரேக் போட்டான், பின்னால எடுத்து பிரேக் போட்டான். கோடு ரெண்டா ஒடிஞ்சு நின்னுச்சு. யூ போல்ட் லூஸ். புதுசா பட்டை சொருகினா அது சில நூறு கிலோமீட்டர் ஓடி உக்காரும், அப்ப யூ போல்ட்டைத் திரும்ப முறுக்கணும். இது தெரியாத ஆள் பட்டை வேலையே பார்க்கக் கூடாது. தெரிஞ்சும் என்கிட்ட யாரும் சொல்லலை. அப்படியே ஓட்டியிருந்தா நடு போல்ட் ஒடிஞ்சு ஆக்சிலே இடம் மாறியிருக்கும்னார்.

கிறீச்சுக்கு ஒரு பாட்டில் தண்ணி. பையன் பம்பர்ல ஏறி நின்னு குதிச்சான். பெரியவர் ஒவ்வொரு புஷ்ஷா தண்ணி தெளிச்சுக்கிட்டே வந்தார். வலது பக்கம் ஷேக்கிள்ல தெளிச்சதும் சத்தம் அடங்கிச்சு. அந்தச் செவப்பு புஷ்தான், கிரீஸ் இல்லாம வெறுமனே சொருகியிருக்காங்க.

"டொக்"குக்கு ஷாக் அப்சர்பரோட கீழ் முனையைக் கழட்டிட்டு வேகத்தடை மேல மெதுவா ஓட்டச் சொன்னார். சத்தம் இல்லை. உடம்பை மூணு இஞ்ச் மேல ஏத்திட்டு ஷாக்கைப் பழைய நீளத்துலயே விட்டுட்டாங்க. சக்கரம் கீழ இறங்கும்போது பட்டை விரியறதுக்கு முன்னாடியே ஷாக் நீண்டு முடிஞ்சு அடிக்குது. அதே நீளத்துல புதுசு போட்டாலும் அதே சத்தம்தான் வரும்.

ஆக்சில் கிராஸ் மாத்தினதைச் சொன்னப்பதான் பெரியவர் சிரிச்சார். சின்ன விஷயம்தான், ஆனா நல்லாக் கவனிங்க, உங்க வீட்டுல ஜீப் இருந்தா உதவும். முன்னாடி சக்கரம் தனித்தனியா ஏறி இறங்குற வண்டிகள் இருக்கு. 2010-ல வந்த தார் அப்படி. அதுல டார்ஷன் பாரை முறுக்கி உயரத்தைக் கூட்டினா, சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட்டோட கோணம் மாறும், ஜாயிண்ட் கத்தும், பால் ஜாயிண்ட் தேயும். என் வண்டி நேர் ஆக்சில். ஆக்சில் முழுசும் ஒரே கட்டை. மேல உடம்பைத் தூக்கினா ஆக்சிலுக்குள்ள இருக்கிற கிராஸுக்கு அது தெரியவே தெரியாது. கோணம் மாறுறது நடுவுல போற ஜாயிண்ட் ஷாஃப்ட்டுக்குத்தான். வேற வண்டிக்குள்ள வியாதியைப் படிச்சுட்டு என் வண்டிக்கு வைத்தியம் பார்த்திருக்காங்க.

கடைசியா உதறல். பெரியவர் பையனோட சைக்கிளைக் காட்டினார். முன் ஃபோர்க் சாய்வா இருக்குல்ல, அதனாலதான் கையை விட்டாலும் நேரா போகுது. ஜீப்புலயும் கிங்பின் மேல் பக்கம் கொஞ்சம் பின்னால சாஞ்சிருக்கணும், அதுக்குப் பேர் கேஸ்டர். ஷேக்கிள் முன்பக்கம் இருக்கிற வண்டியில நீள ஷேக்கிள் போட்டா பட்டையோட மூக்கு கீழ இறங்கும், ஆக்சில் முன்னால உருளும், அந்தச் சாய்வு போயிடும். சாய்வு போன சக்கரத்துக்குத் தானா நேர் நிக்கத் தெரியாது. அதோட தேஞ்ச கிங்பின்னும் சேர்ந்துச்சு. தூக்காம இருந்தவரைக்கும் அந்தத் தேய்மானத்தை வண்டி பொறுத்துக்கிச்சு. ஒரு தட்டு தட்டினதும் திரு.வி.க. பாலத்துல ஆடித் தீர்த்திருச்சு. டேம்பர் போட்டது அந்த ஆட்டத்தை அமுக்கி வச்சதே தவிர தீர்க்கலை. ஆட்டம் எனக்குத் தெரியாம வளரட்டும்னு 4,800 கட்டியிருக்கேன்.

போகிற போக்குல பெரியவர் சக்கரத்தை முழுசாத் தொங்கவிட்டு பிரேக் ஹோஸைக் காட்டினார். வீணைத் தந்தி மாதிரி இழுத்துக்கிட்டு நிக்குது. சத்தமே போடாம இருந்த ஒரே சாமான் அதுதான். அது ஒரு பள்ளத்துல பிடுங்கியிருந்தா இந்தப் பதிவை எழுத ஆள் இருந்திருக்க மாட்டேன்.

எங்க அப்பா காலத்துல எங்ககிட்ட பார வண்டி இருந்துச்சு. ஒரு வருஷம் பழைய சக்கரம் வீணாப் போச்சுன்னு பெரிய சக்கரமா ஒரு ஜோடி சல்லிசா கிடைச்சுதுன்னு வாங்கி மாட்டிட்டார். வண்டி உயர்ந்துச்சு, ஏர்க்கால் முன்னால சரிஞ்சுது, பாரம் எல்லாம் மாட்டுக் கழுத்துல இறங்குச்சு. ஒரு மாசத்துல வலத்து மாட்டுக்குக் கழுத்துல புண்ணு. அப்பா மஞ்சள் பூசினார், வேப்பெண்ணெய் தடவினார், நுகத்தடியில துணி சுத்தினார். தாத்தா வந்து பார்த்துட்டு வண்டியைத்தான் முதல்ல பார்த்தார், மாட்டை இல்லை. பழைய அளவுல சக்கரம் மாட்டினதும் புண்ணு ஆறிடுச்சு. நான் அப்ப சின்னப் பையன், கூடவே நின்னு பார்த்தவன். பார்த்தும் அம்பது வயசுக்கு மேல 40,000 ரூபாய் செலவு பண்ணி அதையே திரும்பப் படிச்சிருக்கேன்.

இப்ப என் கோவத்துக்கு வர்றேன்.

உயரத்தை விக்கிறவங்க கணக்கை முழுசா சொல்றதில்லை. மூணு இஞ்ச் தூக்கினா நீள ஷாக் வேணும், நீள பிரேக் ஹோஸ் வேணும், டிராக் லிங்க் சரிவாப் போறதால அதைத் திருத்தணும், இல்லைன்னா ஒவ்வொரு பள்ளத்துலயும் வண்டி தானாத் திரும்பும். கேஸ்டருக்குப் பட்டை அடியில ஆப்பு வைக்கணும். நிஜமான ஆப்பு, இரும்புல சரிவா அறுத்தது, எனக்கு வச்சது வேற ஆப்பு. அந்த ஆப்பு வச்சா கேஸ்டர் சரியாகும், ஆனா டிஃபரன்ஷியல் மூக்கு கீழ இறங்கி முன் ஜாயிண்ட் ஷாஃப்ட் கோணம் கெடும், அதுக்கு வேற வழி பார்க்கணும். இதெல்லாம் சேர்த்தா 22,000-ல முடியாது. அந்தக் கணக்கை முதல்லயே சொல்லியிருந்தா நான் ஏரிக்கரையில மண்ணடிச்சுப் பாதையை ஒரு அடி உயர்த்தியிருப்பேன், வண்டியை விட்டிருப்பேன்.

சென்னையில வீட்டையே ஜாக்கி வச்சுத் தூக்குறாங்களே, பார்த்திருப்பீங்க. ரோடு மேல ரோடு போட்டு வீட்டு வாசல் பள்ளமாப் போச்சுன்னு. (2021-ல தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு, பழைய தாரைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும்னு அதிகாரிகளுக்கு எழுதினார். எத்தனை தெருவுல சுரண்டுறாங்கன்னு உங்க வாசப்படியைக் கேளுங்க.) வீட்டைத் தூக்குனா கழிவுநீர்க் குழாயைத் திரும்ப இணைக்கணும், படிக்கட்டு புதுசாக் கட்டணும், தண்ணிக் குழாய் மாத்தணும். அதுக்கெல்லாம் பணம் எடுத்து வச்சுட்டுத்தான் யாரும் அந்த வேலையில இறங்குவாங்க. நூறு கிலோமீட்டர் வேகத்துல ஓடுற சாமானைத் தூக்குறவங்களுக்கு மட்டும் அந்தக் கணக்கு எதுக்குன்னு போயிடுது.

இதுல சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, தயாரிச்சவங்க கொடுத்த அளவுக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் கேரளா வழக்கு ஒண்ணுல அதையே உறுதியாச் சொல்லிடுச்சு. எனக்கு இது தெரியாது, அக்கா மகனுக்குத் தெரியும். தெரிஞ்சும், "எல்லாரும் பண்றாங்க மாமா"ன்னான். ஹரியானாவுல தப்வாலின்னு ஒரு ஊர், ஜீப்பை விதவிதமா மாத்தித் தர்றதுக்கே பேர் போனது, அங்க இருந்து சென்னைக்கே வண்டி வருதுன்னான். பண்றவங்க எல்லாரும் திரு.வி.க. பாலத்துல எனக்குப் பின்னாடி ஸ்கூட்டர்ல வரட்டும், அப்புறம் பேசலாம்.

வெள்ளத்துக்கு உயரம் வேணும்னு ஒரு வாதம் வரும். 2015 டிசம்பரை நான் மறக்கலை, அக்கா வீட்டு மாடிக்கு ரெண்டு நாள் கழிச்சுத்தான் பால் பாக்கெட்டோட வந்து சேர்ந்தேன். 2023-ல மிக்ஜாம் வந்தப்பவும் அதே கதை. ஆனா தண்ணி வண்டியைக் கொல்றது எஞ்சின் காத்து உறிஞ்சுற வாய் வழியா, டிஃபரன்ஷியல் மூச்சு விடுற குழாய் வழியா. பட்டையில ரெண்டு இஞ்ச் சேர்த்துட்டு அந்தக் குழாயை அதே இடத்துல விட்டா என்ன புண்ணியம்? குழாயை மேல ஏத்த ஒரு முழம் ரப்பர் ஹோஸ் போதும். வெள்ளத்துக்காகத் தூக்குறவங்க எத்தனை பேர் அதைச் செஞ்சிருக்காங்கன்னு பானெட்டைத் திறந்து பாருங்க. அடையாறுலயும் தி.நகர்லயும் நான் பார்க்கிற தூக்கின வண்டியில பாதி, பாண்டி பஜார்ல நிறுத்தி போட்டோ எடுக்கத்தான் போகுது. சேறே படாத டயர்.

பட்டறைக்காரங்களை மட்டும் திட்டிட்டுப் போனா நான் யோக்கியன் இல்லை. அந்த 800 ரூபாய்க்கு வர்றேன்னு சொன்னேன்ல. பெரியவர் அப்புறம் டீ குடிச்சுக்கிட்டே சொன்னார்: "ஒரு மணி நேரம் படுத்துப் பார்த்து, போல்ட்டை ஒரு முறுக்கு முறுக்கி, சத்தத்தை நிறுத்தினா, 'இதுக்கு எதுக்குங்க காசு'ன்னு கேக்குறாங்க. அதே சாமான் மாத்தினேன்னு சொன்னா 4,000 எடுத்துக் குடுக்குறாங்க. நான் எப்படிப் பிழைக்கிறது?" ஜி.பி. ரோட்டுலயும் புதுப்பேட்டையிலயும் சாமானுக்கு விலை இருக்கு. கண்டுபிடிக்கிறதுக்கு எங்கயும் விலை இல்லை. அதனால சின்ன வயசு மெக்கானிக்குக் கண்டுபிடிக்கிற பழக்கமே வரலை, மாத்துற பழக்கம்தான் வந்திருக்கு. நாமதான் வளர்த்து விட்டிருக்கோம். "சத்தம் போகணும்"னு சொல்லி வண்டியை விட்டுட்டு வர்றோம், "ஏன் வருது"ன்னு கேட்டு கூட நின்னதில்லை.

இது சென்னைக்காரங்க வியாதி மட்டும்னு நினைச்சுக்காதீங்க. எங்க ஊர்ல நெல்லு மஞ்சளாச்சுன்னா உரக்கடைக்கு ஓடுறோம். அங்க இருக்கிறவர் வயலை வந்து பார்க்கிறதில்லை, மூணு பாட்டிலை எடுத்து வைக்கிறார். துத்தநாகச் சத்துக் குறையா, தண்ணி தேங்கி வேர் மூச்சு முட்டுதா, பூச்சியா, பார்த்துச் சொல்ற ஆளுக்கு நாங்க காசு குடுத்ததே இல்லை. பாட்டிலுக்குத்தான் குடுக்கிறோம். அந்த பாட்டில் அரிசியைத்தான் நீங்களும் கடையில வாங்குறீங்க. சரி, அது வேற பதிவு.

பெரியவர்கிட்ட ரெண்டு வழி இருந்துச்சு. தூக்கினபடியே வச்சு எல்லாத்தையும் முறையாச் செய்யறது, இல்லைன்னா இறக்குறது. இறக்கச் சொல்லிட்டேன். பழைய ஷேக்கிளை அக்கா மகன் காயலான் கடையில போடாம மாடியில வச்சிருந்தான், அந்த ஒரு புத்திக்கு அவனுக்கு ஒரு மூட்டை அரிசி இலவசம். சொருகின ரெண்டு பட்டையில ஒண்ணை எடுத்துட்டு ஒண்ணை விட்டார், பழைய பட்டை இருபது வருஷத்துல சாஞ்சு போனதால அது ஈடு கட்டும்னார். கிங்பின்னுக்கு பேரிங் போட்டு ஷிம் வச்சு இறுக்கினார். ரப்பர் புஷ், புது யூ போல்ட், புது பிரேக் ஹோஸ். 9,500, அந்த 800-யும் சேர்த்து. டேம்பரைக் கழட்டிக் கையில குடுத்தார், "இது இல்லாமலே நேரா ஓடணும், ஓடலைன்னா திரும்ப வா"ன்னார். ஓடுது. ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டுத் திரும்ப வந்து யூ போல்ட் முறுக்கிட்டுப் போன்னும் சொன்னார், முறுக்கிட்டேன்.

வீட்டுக்காரம்மாவுக்கு இப்ப முக்காலி வேண்டாம். பாலத்துல ஏறும்போது மட்டும் இன்னும் டேஷ்போர்டைப் பிடிச்சுக்குறா.

கார்த்திகை அரிசி வர்ற ரெண்டாவது சனிக்கிழமை காலையில கிளம்புது. அடையாறு எட்டு மணி, மந்தைவெளி, லஸ் ஒன்பதரை, தி.நகர் பதினொண்ணு. மாப்பிள்ளைச் சம்பா ஆறு மூட்டைதான் மிச்சம், வேணுங்கிறவங்க வியாழக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க.